அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: ஆட்டம் முடிந்ததும் டிஃபன்ஸை எடைபோடுவது எப்படி?

2021 டிசம்பர் 4 அன்று அட்லாண்டாவில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணி அலபாமாவிடம் 41–24 என்று தோற்றது. அதற்கு முன் 12 ஆட்டங்களையும் ஜெயித்து, ஆட்டத்துக்குச் சராசரியாக 6.9 புள்ளிகள் மட்டுமே விட்டிருந்த டிஃபன்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பிரிவு) அது. ஒரே ராத்திரியில் அந்தப் பெயர் போய்விட்டது. 2022 ஜனவரி 10 அன்று இண்டியானாபொலிஸில், தேசியப் பட்டத்துக்காக, அதே அலபாமாவை அதே டிஃபன்ஸ் 18 புள்ளிகளில் நிறுத்தியது. ஜார்ஜியா 33–18 என்று ஜெயித்தது.

இந்த இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அவற்றையே பிடித்துக்கொண்டு போகிறேன், தேவைப்படும் இடத்தில் வேறு ஆட்டங்களுக்கும் போவோம். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: ஒரு டிஃபன்ஸ் என்ன நிலைமையில் களத்துக்கு வந்தது, அந்த நிலைமையில் என்ன செய்தது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அதற்கு மார்க் போடக் கூடாது.

விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு மட்டும்: தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன், அதில் நடக்கும் ஓட்டமோ வீச்சோ ஒரு பிளே. 10 யார்டு தாண்டினால் மறுபடியும் நாலு. பந்து கைக்கு வந்ததிலிருந்து கைவிட்டுப் போகும்வரை ஒரு டிரைவ். மற்றதெல்லாம் போகப் போகப் புரியும்.

முதல் படி: ஸ்கோரைப் பிரித்துப் போடுங்கள்

எதிரணியின் புள்ளிகள் எல்லாம் உங்கள் டிஃபன்ஸ் கொடுத்ததில்லை. டிசம்பர் ஆட்டத்தில் அலபாமாவின் 41-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது குவார்ட்டரில் ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) ஸ்டெட்சன் பென்னட் வீசிய பந்தை அலபாமாவின் ஜோர்டன் பேட்டில் பிடித்து, 42 யார்டு ஓடி டச்டவுன் போட்டார் (கோல் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளிகள், அதன்பின் உதைக்கு 1). அந்த 7 புள்ளிகள் விழும்போது ஜார்ஜியாவின் டிஃபன்ஸ் வெளியே பெஞ்சில் இருந்தது. ஆக டிஃபன்ஸின் கணக்கு 34. அதுவும் மோசம்தான், மறுக்கவில்லை, ஆனால் 34 வேறு 41 வேறு.

பன்ட்டை (எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பந்தை) திருப்பி ஓடிப் போட்ட டச்டவுன், கிக்காஃபில் போட்டது, சொந்த அணியின் ஃபம்பிளை (கையிலிருந்து நழுவிய பந்தை) எதிரணி எடுத்து ஓடியது, இவற்றையெல்லாம் முதலில் கழித்துவிடுங்கள். ஓவர்டைமையும் தனியாக வையுங்கள். 2018 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணி எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட்) 74–72 என்று ஜெயித்தது. ஸ்கோரை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் டிஃபன்ஸே இல்லாத மாதிரி இருக்கும். வழக்கமான நேரம் முடியும்போது 31–31. மிச்சமெல்லாம் ஏழு ஓவர்டைமில் வந்தது, அங்கே ஒவ்வொரு அணியும் எதிரணியின் 25 யார்டிலிருந்து தொடங்கும். அந்தப் புள்ளிகளை வைத்து டிஃபன்ஸைத் திட்டுவது நியாயமே இல்லை. (ஓவர்டைம் விதி 2021-இல் மாறிவிட்டது, மூன்றாவது ஓவர்டைமிலிருந்து இரண்டு புள்ளி முயற்சிகள் மட்டும்தான். ஸ்கோர் இனி அவ்வளவு வீங்காது.)

தலைகீழாகவும் நடக்கும். 2022 செப்டம்பரில் ஐயோவா 7–3 என்று சவுத் டகோட்டா ஸ்டேட்டை ஜெயித்தபோது ஐயோவா ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. ஒரு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளிகள்), இரண்டு சேஃப்டி (எதிரணியை அதன் சொந்தக் கோல் பகுதிக்குள்ளேயே வீழ்த்தினால் 2 புள்ளிகள்). அந்த இரண்டு சேஃப்டியும், அதாவது 4 புள்ளிகள், டிஃபன்ஸ் சம்பாதித்துக் கொடுத்தவை. டிஃபன்ஸ் கொடுத்த புள்ளிகளுக்கு எதிரே டிஃபன்ஸ் போட்ட புள்ளிகளையும் எழுத மறக்காதீர்கள்.

அடுத்து, டிரைவ் எங்கே தொடங்கியது?

நான் முதலில் எடுக்கும் தாள் டிரைவ் சார்ட். எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஆட்டம் முடிந்த சில மணி நேரத்தில் அதிகாரப்பூர்வ ஸ்கோர் விவரத்தோடு இதையும் வெளியிடும். எதிரணியின் ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தொடங்கிய இடம், ஆடிய பிளேக்கள், முடிவு.

பட்ட ஆட்டத்தில் அலபாமாவின் 18 புள்ளிகளைப் பாருங்கள். நாலு ஃபீல்டு கோல், ஒரே ஒரு டச்டவுன். அந்த டச்டவுன் எப்படி வந்தது? நாலாவது குவார்ட்டரில் பென்னட் பந்தை நழுவவிட்டார். அது வீச்சா ஃபம்பிளா என்று களத்தில் பாதிப் பேருக்குப் புரிவதற்குள் அலபாமாவின் பிரையன் பிராஞ்ச் கோட்டோரம் கையில் எடுத்துவிட்டார். ஜார்ஜியாவின் 16 யார்டில் அலபாமாவுக்குப் பந்து. அங்கிருந்து டச்டவுன் போக 16 யார்டு போதும். நீண்ட களத்தைக் கடந்து வந்து ஜார்ஜியாவின் டிஃபன்ஸை அலபாமா அன்று ஒருமுறைகூட டச்டவுனுக்கு உடைக்கவில்லை. "18 கொடுத்தார்கள்" என்ற வரியில் இது தெரியாது.

டிரைவ்களை மூன்றாகப் பிரித்துக்கொள்வது என் வழக்கம். எதிரணி தன் சொந்த 25 யார்டுக்குள் தொடங்கியவை, நடுவில் தொடங்கியவை, உங்கள் பக்கத்துக்குள் தொடங்கியவை. முதல் வகையில் டச்டவுன் விட்டால் அது முழுக்க டிஃபன்ஸின் பொறுப்பு. மூன்றாவது வகையில் ஃபீல்டு கோலோடு நிறுத்தினாலே அது வெற்றி. முதல் பாதியின் கடைசி 20 விநாடியில் முழங்காலைத் தரையில் வைத்து முடித்த டிரைவை எண்ணவே எண்ணாதீர்கள்.

மொத்த யார்டு என்னும் பொறி

டிவியில் ஆட்டம் முடிந்ததும் பெரிய எழுத்தில் போடுவது இதைத்தான், அதிகமாக ஏமாற்றுவதும் இதுதான். எத்தனை ஓவரில் என்று கேட்காமல் 180 ரன்னை நல்ல ஸ்கோர் என்றோ மோசமான ஸ்கோர் என்றோ நாம் சொல்வதில்லை. யார்டும் அப்படித்தான், எத்தனை பிளேயில் என்று கேட்க வேண்டும். அலபாமாவின் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங் டிசம்பரில் 421 யார்டு வீசினார், ஜனவரியில் 369. பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் டிசம்பரில் அதற்கு 44 வீச்சுகள், மூன்று டச்டவுன். ஜனவரியில் 57 வீச்சுகள், ஒரு டச்டவுன், இரண்டு இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பிடிப்பது). அலபாமாவின் மொத்தம் 536-லிருந்து 399-ஆக இறங்கியது. ஒரு பிளேவுக்கு என்று வகுத்தால் டிசம்பரில் 7 யார்டுக்கு மேல், ஜனவரியில் 5-க்குக் கீழே. மார்க் வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

2023-இலிருந்து இன்னொரு மாற்றம் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு முதல் டவுனுக்கும் கடிகாரம் நிற்கும்; இப்போது ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான். பிளேக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, அதனால் பழைய சீசனின் மொத்த யார்டோடு இன்றைய டிஃபன்ஸை ஒப்பிடுவது இன்னும் தப்பு.

கல்லூரி ஆட்டத்துக்கே உரிய ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு, என்எஃப்எல் (தொழில்முறை லீக்) மட்டும் பார்த்துப் பழகியவர்கள் இதில் கட்டாயம் தடுக்கி விழுவார்கள். கல்லூரியில் சாக் (வீசுவதற்குள் குவார்ட்டர்பேக்கைப் பிடித்து வீழ்த்துவது) ஆன யார்டு ஓட்டக் கணக்கில் கழிக்கப்படும், வீச்சுக் கணக்கில் இல்லை. ஜனவரி ஆட்டத்தில் அலபாமா மொத்தம் 28 ஓட்டத்தில் 30 யார்டு என்று ஏட்டில் இருக்கிறது. அப்பாடா, என்ன ஒரு தடுப்பு என்று நினைப்போம். ஆனால் அதில் பிரையன் ராபின்சன் மட்டும் 22 முறை ஓடி 68 யார்டு எடுத்தார். மொத்தத்தை இழுத்துக் கீழே போட்டது யங் வாங்கிய நாலு சாக். 22-க்கு 68 என்பதும் நல்ல தடுப்புதான், ஆனால் அது முன்வரிசையின் ஓட்டத் தடுப்பு, சாக் என்பது வேறு வேலை. இரண்டையும் பிரித்து எழுதினால்தான் யாரைப் பாராட்ட வேண்டும் என்று தெரியும். சாக்கை எடுத்து வீச்சுப் பக்கம் சேர்த்து மறுபடியும் கணக்குப் போடுங்கள், ஐந்து நிமிட வேலை.

பெனால்ட்டி யார்டு மொத்த யார்டில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாவது டவுனில் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்தைப் பிடிக்க வருபவரை முறைகேடாகத் தடுப்பது) வாங்கினால் அதிகபட்சம் 15 யார்டு, கூடவே தானாக முதல் டவுன். டிரைவையே உயிரோடு வைத்த தப்பு அது, புள்ளிவிவரத்தில் டிஃபன்ஸின் பெயருக்கு எதிரே ஒரு யார்டுகூட ஏறியிருக்காது.

ஆட்டம் முடிவான பிறகு நடந்ததை வெட்டிவிடுங்கள். நாலாவது குவார்ட்டரில் வித்தியாசம் 22 புள்ளிகளுக்கு மேல் போனதும் நான் எண்ணுவதை நிறுத்திவிடுவேன். முந்தைய குவார்ட்டர்களுக்கு இன்னும் பெரிய வித்தியாசம் வேண்டும். இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்கள் இறங்கிவிட்டால் ஸ்கோர் எதுவானாலும் அங்கேயே கோடு போடலாம்.

டவுனும் தூரமும்

இந்தப் படிதான் முதுகெலும்பு, இதற்குத்தான் நேரம் அதிகம் பிடிக்கும். ஒவ்வொரு பிளேவுக்கும் எதிரணி ஜெயித்ததா, டிஃபன்ஸ் ஜெயித்ததா என்று குறியுங்கள். கல்லூரி ஃபுட்பாலில் பரவலாகப் புழங்கும் அளவுகோல் இது: முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி கிடைத்தால் எதிரணிக்கு வெற்றி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நாலாவதிலும் முழுத் தூரம். மூன்றாவது டவுனில் 12 யார்டு தேவைப்படும்போது 8 யார்டு விட்டால் ஏட்டில் 8 யார்டு நஷ்டம், நிஜத்தில் டிஃபன்ஸின் வெற்றி. ஒரு யார்டு தேவைப்படும்போது இரண்டு யார்டு விட்டால் அது தோல்வி.

எதிரணியின் வெற்றி விகிதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் டிஃபன்ஸ் நல்ல வேலை செய்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். அதைக் குவார்ட்டர் வாரியாகவும் டவுன் வாரியாகவும் பிரித்தால்தான் சுவாரசியமே. மூன்றாவது டவுனில் தடுத்த கதையைத்தான் எல்லோரும் பேசுவார்கள், ஆனால் அந்த மூன்றாவது டவுன் எத்தனை யார்டோடு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாவது டவுனின் சராசரித் தூரம் 8 என்றால் முதல் இரண்டு டவுனில் முன்வரிசை உழைத்திருக்கிறது. சராசரி 3 என்றிருந்தும் நிறையத் தடுத்தார்கள் என்றால், கொண்டாடுங்கள், ஆனால் அடுத்த வாரமும் அது நடக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

இதோடு பெரிய பிளேக்களைத் தனியாக எழுதுங்கள். ஓட்டத்தில் 12 யார்டுக்கு மேல், வீச்சில் 16-க்கு மேல் என்பது நான் வைத்திருக்கும் அளவு. டிசம்பரில் அலபாமாவின் ஜேமிசன் வில்லியம்ஸ் ஒரு 67 யார்டு டச்டவுனும் ஒரு 55 யார்டு டச்டவுனும் பிடித்தார். இரண்டே பிளேயில் 122 யார்டு, 14 புள்ளிகள். ஜார்ஜியாவின் அன்றைய நோய் முழுக்க முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்ததில்லை, பின்வரிசை சில தடவை மொத்தமாகத் திறந்துகொண்டது. மருந்தும் அதற்கேற்ப வேறாகத்தான் இருக்கும்.

இப்போது வீடியோ

எண்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும். ஏன் என்பதை வீடியோதான் சொல்லும். முழு ஆட்டத்தையும் மறுபடி பார்க்க நேரமில்லை என்றால் மேலே குறித்த பெரிய பிளேக்கள், மூன்றாவது டவுன்கள், கோல் கோட்டருகே நடந்தவை, இவ்வளவு போதும்.

ஒரே பிளேயை நாலு தடவை ஓடவிடுங்கள். முதல் தடவை பந்தைப் பாருங்கள், மனசு எப்படியும் அங்கேதான் போகும். இரண்டாவது தடவை முன்வரிசையை மட்டும்: தனக்குரிய இடைவெளியை யார் பிடித்து நின்றார்கள், யாரை இரண்டு பேர் சேர்ந்து பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்றாவது தடவை லைன்பேக்கர்களின் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்கள்) முதல் இரண்டு எட்டு. ஓட்டம் போலக் காட்டி வீசும் பிளேக்களில் அந்த இரண்டு எட்டு முன்னால் வந்ததா பின்னால் போனதா என்பதிலேயே பாதி விடை இருக்கும். நாலாவது தடவை சேஃப்டிகளைப் பாருங்கள் (இங்கே சேஃப்டி என்பது புள்ளி இல்லை, கடைசியில் நிற்கும் காவலர்). டிவி கேமரா அவர்களை அடிக்கடி சட்டகத்துக்கு வெளியே விட்டுவிடும், அதனால் பின்னாலிருந்து காட்டும் ரீப்ளே வந்தால் விடாதீர்கள்.

ஒரு 9 யார்டு ஓட்டத்தை இப்படிப் பாருங்கள். ஏட்டில் சேஃப்டிக்கு ஒரு டேக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது). வீடியோவில் பார்த்தால் முன்வரிசையின் நடுவில் நிற்கும் டிஃபன்ஸிவ் டேக்கிள் ஒரு கால் தப்பாக வைத்து, இரண்டு பேர் தள்ளியதில் முட்டி தரையில் பட்டு விழுந்திருப்பார். அவர் விட்ட ஓட்டை வழியாக எதிரணியின் ஒரு தடுப்பாளர் நேராக வந்து லைன்பேக்கரை மூடியிருப்பார். வேறு யாருமே இல்லாமல் சேஃப்டி ஓடிவந்து பிடித்திருப்பார். உங்கள் சேஃப்டிக்கு ஒரு ஆட்டத்தில் 12 டேக்கிள் என்றால் அவரைப் பாராட்டுங்கள், ஆனால் அவருக்கு முன்னால் நின்ற ஆறு பேரைப் பற்றிக் கவலைப்படுங்கள். எதிர்ப்பக்க உதாரணம் ஜார்ஜியாவின் ஜோர்டன் டேவிஸ். டேக்கிள் எண்ணிக்கையில் அவர் மேலே இருக்கவே மாட்டார். இரண்டு பேரைத் தன் மேல் தாங்கிக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை, பின்னால் லைன்பேக்கர் நகோபி டீன் தடையில்லாமல் ஓடிவந்தது அதனால்தான். 2021-இல் டேவிஸுக்கு அவுட்லண்ட், பெட்னாரிக் இரண்டு விருதும், டீனுக்குப் பட்கஸ் விருதும் கிடைத்தன.

வீடியோவில் மட்டும் தெரியும் இன்னொன்று, தப்பித்த பிழைகள். 2024 ஜனவரி 8 அன்று ஹியூஸ்டனில் மிஷிகன் 34–13 என்று வாஷிங்டனை ஜெயித்த பட்ட ஆட்டத்தில், இரண்டாவது குவார்ட்டரில் ஒரு நாலாவது டவுன். வாஷிங்டனின் ரோம் ஒடுன்ஸே பக்கத்தில் ஆளில்லாமல் நின்றார். குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் வீசிய பந்து அவருக்குச் சேரவில்லை. ஏட்டில் அது டிஃபன்ஸின் வெற்றி. பயிற்சியாளரின் தாளில் அது சிவப்பு மை. இப்படிப்பட்டவற்றை நீங்களும் தனியாகக் குறித்துவையுங்கள்.

தவறவிட்ட டேக்கிள்களையும் எண்ணுங்கள். எத்தனை என்பதோடு எப்போது என்பதும் வேண்டும். நாலாவது குவார்ட்டரில் குவிந்திருந்தால் பெரும்பாலும் களைப்பு. சொந்த அணி ஒவ்வொரு முறையும் மூன்றே பிளேயில் முடங்கிப் பன்ட் செய்துகொண்டே இருந்ததா என்று பாருங்கள். முதல் குவார்ட்டரிலேயே இருந்தால் ஓடிவரும் கோணமே தப்பு.

பிரஷர், பந்து பறிப்பு, அதிர்ஷ்டம்

டிசம்பரில் ஜார்ஜியாவுக்கு சாக் பூஜ்யம். ஜனவரியில் நாலு. இந்த ஒற்றை மாற்றம் மற்ற பலதையும் விளக்குகிறது, 67 யார்டு வீச்சுக்குக் காத்திருக்க யங்குக்கு நேரம் இருக்கவில்லை. (வில்லியம்ஸ் ஜனவரியில் இரண்டாவது குவார்ட்டரிலேயே காயம்பட்டு வெளியேறினார், அலபாமாவின் ஜான் மெட்சி டிசம்பர் ஆட்டத்திலேயே காயமடைந்துவிட்டார். ஜார்ஜியாவுக்கு மார்க் போடும்போது இதையும் எழுதத்தான் வேண்டும்.)

சாக்கை மட்டும் எண்ணினால் போதாது. கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து, பந்து நகர்ந்ததிலிருந்து வீசும்வரை நேரம் பாருங்கள். இரண்டு விநாடிக்குள் வீசிவிட்டால் எந்த முன்வரிசையும் போய்ச் சேராது, சாக் இல்லை என்று அவர்களைக் குறைசொல்ல முடியாது. மூன்று விநாடிக்கு மேல் நிம்மதியாக நின்றிருந்தால் அது பிரச்சினை. எத்தனை பேர் பாய்ந்தார்கள் என்பதையும் குறியுங்கள்: நாலு பேரை வைத்தே பிரஷர் (வீசுபவர்மேல் நெருக்கடி) கிடைத்தால் பின்னால் ஏழு பேர் காவலுக்கு இருக்கிறார்கள், ஆறு பேரை அனுப்பித்தான் கிடைத்தது என்றால் அது வாடகைக்கு எடுத்த பிரஷர்.

பந்து பறித்ததில் திறமையும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். ஃபம்பிளை உண்டாக்குவது திறமை. கீழே விழுந்த பந்து யார் கைக்குப் போகும் என்பது கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். வீச்சைத் தட்டிவிட்டதையும் இன்டர்செப்ஷனையும் சேர்த்து எண்ணினால், பொதுவாக நாலில் அல்லது ஐந்தில் ஒன்று இன்டர்செப்ஷனாக இருக்கும். உங்கள் அணி இரண்டே பந்தைத் தொட்டு இரண்டையும் பிடித்திருந்தால் சந்தோஷப்படுங்கள், அதை அடுத்த வாரக் கணக்கில் சேர்க்காதீர்கள். எட்டுப் பந்தைத் தட்டி ஒன்றும் பிடிக்காத பின்வரிசைதான் எனக்கு அதிக நம்பிக்கை தரும்.

யாருக்கு எதிராக?

எதிரணி வழக்கமாக என்ன செய்யும் என்பதோடு ஒப்பிடாமல் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இல்லை. டெக்சஸுக்கு எதிரான அரையிறுதியில் பெனிக்ஸ் 38 வீச்சில் 430 யார்டு எடுத்திருந்தார். அடுத்த ஆட்டத்திலேயே மிஷிகன் அவரை 51 வீச்சில் 255 யார்டில் நிறுத்தி, இரண்டு இன்டர்செப்ஷனும் எடுத்தது. ஒரு வீச்சுக்கு 11 யார்டுக்கு மேல் எடுத்தவர் 5-க்கு இறங்கினார். சிறிய அணிக்கு எதிராக 255 விட்டிருந்தால் அதே எண் சுமாரான வேலைதான். எதிரணியின் சீசன் சராசரியை ஒரு பத்தியில் எழுதி, அன்றைய எண்ணைப் பக்கத்தில் வையுங்கள், அவ்வளவுதான்.

அடுத்த வாரத்துக்கு எது மிஞ்சும்?

கடைசிப் படி, கண்ட குறைகளை இரண்டாகப் பிரிப்பது. ஒருமுறை நடந்த விபத்துகள் ஒரு பக்கம், திரும்பவும் நடக்கக்கூடியவை ஒரு பக்கம். 2019 நவம்பரில் எல்எஸ்யூ 58–37 என்று ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) ஜெயித்தது, ஆனால் ஓட்டத்திலேயே 402 யார்டு விட்டது. குவார்ட்டர்பேக் ஜான் ரைஸ் பிளம்லீ மட்டும் 212 யார்டு, நாலு டச்டவுன். டிஃபன்ஸ் செத்துவிட்டது என்று சொல்வதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இனி வரும் அணிகளில் இப்படி ஓடும் குவார்ட்டர்பேக் எத்தனை பேருக்கு இருக்கிறார்? இரண்டு வாரம் கழித்து டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு 7 புள்ளிகள், அதற்கடுத்து எஸ்இசி (இந்த அணிகள் ஆடும் லீக்) இறுதியில் ஜார்ஜியாவுக்கு 10 புள்ளிகள் மட்டுமே விட்டது அந்த டிஃபன்ஸ், சீசனை 15–0 என்று பட்டத்தோடு முடித்தது.

அதனால் தாளின் அடியில் மூன்று வரி எழுதுங்கள். எதிரணி எந்த வகைப் பிளேயால் நம்மைத் திரும்பத் திரும்ப உடைத்தது, அதைச் செய்யும் ஆட்கள் அடுத்த எதிரணியிடம் இருக்கிறார்களா, நம் பக்கம் அதற்குப் பொறுப்பானவர் காயத்தாலோ களைப்பாலோ தடுமாறினாரா. பிறகு அடுத்த சனிக்கிழமை எதிரணியின் முதல் இரண்டு டிரைவை மட்டும் கையில் அந்தத் தாளோடு பாருங்கள். பெரும்பாலான பயிற்சியாளர்கள் முதல் சில பிளேக்களை வாரம் முழுக்க யோசித்து முன்கூட்டியே எழுதிவைத்திருப்பார்கள். உங்கள் குறை உண்மையானது என்றால் அவர்களும் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள், அங்கேதான் முதலில் அடிப்பார்கள்.